விளக்குத்தூண் பக்கம் ஒரு கட்டடம்: பயங்கரவாதக் காப்பீடு எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று. தரைத்தளத்தில் ஜவுளி மொத்தக் கடை, முதல் மாடியில் அதே கடையின் சரக்கு, இரண்டாம் மாடியில் தையல் கூடம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், இரவு கடை சாத்தியபின், ஷட்டர் ஓரம் கிடந்த பை வெடிக்கிறது. ஷட்டர் உள்ளே மடங்குகிறது. மின் பலகையில் பிடித்த தீ முதல் மாடிக்கு ஏறுகிறது. தீயணைப்புத் துறை பீய்ச்சிய தண்ணீரில், தீ தொடாத பண்டல்களும் நனைகின்றன.

இது நடந்த சம்பவம் இல்லை. கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டது. கட்டடமும் ரூபாய் எண்களும் கற்பனை. பாலிசி விதிகள், சட்டம், தீர்ப்புகள் நிஜம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அது வேறு பாலிசி, வேறு கணக்கு.

இந்த இரவோடு சம்பந்தப்பட்டவர்கள் நான்கு பேர்: கட்டடத்தின் சொந்தக்காரர், ஜவுளிக் கடைக்காரர், தையல் கூடத்துக்காரர், எதிர்ச்சாரியில் மெஸ் நடத்துபவர். வெடித்தது ஒரே குண்டு. ஆனால் நான்கு பேருக்கும் நான்கு விதமான பதில் வரும்.

பாலிசியில் இந்த அபாயம் எங்கே இருக்கிறது

2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின், வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்கள், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவை, பயங்கரவாத அபாயத்தை ஏற்க மறுத்தன. அதுவரை நம் தீ பாலிசிகளில் கலவரம், வேலைநிறுத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த அபாயம் தனியாகப் பிரிக்கப்பட்டது. 2002 ஏப்ரலில் இந்தியப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது நிதியம் அமைத்தன. அதை நிர்வகிப்பது அரசு மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ. ஒரே வளாகத்துக்கு 200 கோடி ரூபாய் என்று தொடங்கிய உச்சவரம்பு இப்போது 2,000 கோடி. விளக்குத்தூண் கடைக்காரருக்கு இந்த வரம்பு கவலையில்லை. ஆனால் ஒரே வளாகத்தில் பல பாலிசிகள் இருந்து மொத்த நஷ்டம் வரம்பைத் தாண்டினால், எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு ஒரே வாசகம் கொண்ட பாலிசிகள் வந்தன. ஓரிடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடி வரை என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா. மூன்றிலும் அபாயப் பட்டியலிலேயே பயங்கரவாதமும் உண்டு. ஆனால் அந்த வரிக்குப் பக்கத்திலேயே, ‘இணைக்கப்பட்ட பிரிவின்படி’ என்று ஒரு வார்த்தை இருக்கும். பாலிசியின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் அந்தப் பிரிவைத்தான் கிளெய்ம் நாளில் எல்லோரும் தேடுவார்கள்.

50 கோடியைத் தாண்டிய ஆலை, மால், பெரிய மருத்துவமனைகளுக்கு வழக்கமான தீ மற்றும் சிறப்பு அபாய பாலிசியில் இது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் அபாயம். பாலிசியின் விவரப் பட்டியலான ஷெட்யூலில் பயங்கரவாதப் பிரீமியம் என்று தனி வரி இருக்க வேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால் கவர் இல்லை என்று அர்த்தம். சில பைசா மிச்சம் பிடிக்க, கலவரம், வேலைநிறுத்தம், விஷமச் சேதம் மூன்றையும் சேர்த்த ஆர்.எஸ்.எம்.டி. அபாயத்தைக் கழற்றிவிடும் நிறுவனங்கள் உண்டு. அதைக் கழற்றினால் பயங்கரவாதமும் கூடவே போய்விடும். இதைவிட மோசமான சிக்கனம் தீ காப்பீட்டில் வேறில்லை.

கடைக்காரரின் கணக்கு

அன்றிரவு கடையிலும் மாடியிலும் இருந்த சரக்கு, கொள்முதல் விலையில் 1.60 கோடி. பண்டிகை நேரத்தில் அது இயல்பு. பாலிசியில் சரக்குக்குப் போட்டிருந்த தொகை 1.20 கோடி. ஏன் அந்தத் தொகை? வங்கி தந்த ஓ.டி. (ஓவர்டிராப்ட்) கடன் வரம்புக்குப் பொருத்தமாகப் போட்டது. புதுப்பிக்கும் சமயத்தில் கடைக்காரர் கேட்டிருந்தாலும், “பேங்க் கேக்குறதுக்குப் போட்டாப் போதும்ணே, மேல எதுக்கு வெட்டியா?” என்ற பதில்தான் வந்திருக்கும்.

நஷ்டம் இப்படி: எரிந்ததும் நனைந்ததும் சேர்த்து 50 லட்சம். நனைந்த சுங்குடி, லுங்கி பண்டல்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் வியாபாரி 6 லட்சம் தருகிறார், இதுதான் சால்வேஜ். நிகர நஷ்டம் 44 லட்சம்.

இப்போது விகிதக் குறைப்பு. சொத்தின் மதிப்பைவிடக் குறைவாகத் தொகை போடுவது குறைக் காப்பீடு; சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், தாண்டினால் அதே விகிதத்தில் கிளெய்மைக் குறைப்பார்கள். இங்கே 1.60 கோடிக்கு 1.20 கோடி, அதாவது 75 சதவீதம், குறை 25. விட்டுக்கொடுக்கும் எல்லை தாண்டிவிட்டது. 44 லட்சத்தில் 75 சதவீதம் 33 லட்சம்.

அடுத்து எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் காப்பீடு எடுத்தவர் தன் கையிலிருந்து சுமக்க வேண்டிய பங்கு. பயங்கரவாதப் பிரிவில் இது தீ பாலிசியின் வழக்கமான எக்ஸஸ் இல்லை. நஷ்டத்தின் மேல் கணக்கிடாமல், அந்த இடத்தின் மொத்தக் காப்பீட்டுத் தொகையின் மேல் சதவீதமாகப் போடுவார்கள். அதோடு ஒரு குறைந்தபட்சத் தொகையும் உண்டு. உதாரணத்துக்கு அரை சதவீதம் என்று வைப்போம். உங்கள் பிரிவில் அச்சாகியுள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள். சரக்கு 1.20 கோடி, மரச்சாமான், ஏ.சி. வகையில் 20 லட்சம், மொத்தம் 1.40 கோடி. அரை சதவீதம் 70,000. கைக்கு வருவது 32.30 லட்சம்.

சரக்குக்கு 1.60 கோடி போட்டிருந்தால்? எக்ஸஸ் 90,000 ஆகும், கைக்கு 43.10 லட்சம் வரும். வித்தியாசம் 10.80 லட்சம். கூடுதல் 40 லட்சத்துக்குப் பயங்கரவாதப் பிரீமியம் ஆயிரத்துக்கு 20 பைசா என்று வைத்தால் வருடத்துக்கு 800 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. தீ பிரீமியம் தனி. அதுவும் ஒரு பண்டிகை நாள் விளம்பரச் செலவைத் தாண்டாது.

பலர் மறக்கும் ஒன்று ஜி.எஸ்.டி. சரக்கு அழிந்தால், அதன் மேல் ஏற்கெனவே எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும், மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(ஹெச்) பிரிவு. முழுதாக அழிந்த சரக்கு 36 லட்சம், வரி 5 சதவீதம் என்றால் 1.80 லட்சம். சரக்கின் காப்பீட்டுத் தொகையை வரியையும் சேர்த்துப் போட்டிருந்தால்தான் இதைக் கிளெய்மில் கேட்க வாய் வரும்.

கிளெய்ம் பணம் யார் பெயருக்கு வரும் என்பதிலும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். சரக்கு வங்கிக்கு அடமானம் என்றால் பாலிசியில் வங்கிப் பிரிவு இருக்கும். காசோலை கடன் கணக்குக்குத்தான் போகும். தீபாவளிச் சரக்கு மறுபடி வாங்கக் கையில் ரொக்கம் வரும் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம்.

கடைக்காரர் அந்த மாதம் வில்லாபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து உபரிச் சரக்கை வைத்திருந்தார் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த முகவரி ஷெட்யூலில் இல்லை. அங்கே ஏதாவது நேர்ந்திருந்தால் ஒரு பைசா கிடைக்காது. பண்டிகைக்கு முன் பாலிசியில் ஒரு திருத்தம் (எண்டார்ஸ்மென்ட்) போட்டு முகவரியைச் சேர்க்கலாம், அல்லது பல இடங்களுக்கும் சேர்த்து மிதவைக் காப்பீடு எடுக்கலாம். பிரீமியம் போய்ச் சேரும்வரை கவர் தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு. ‘நாளைக்குக் கட்டிடறேன்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கட்டடக்காரர்: அதிகம் போட்டும் நஷ்டம்

இவர் சிக்கனக்காரர் இல்லை. மாசி வீதிகளின் உள்வட்டத்தில் நிலம் விற்கும் விலையை வைத்து, கட்டடத்துக்கு 3 கோடி போட்டிருந்தார். தப்பு அங்கேதான். குண்டு வெடித்தாலும் நிலம் அங்கேயே கிடக்கும். பாலிசி கொடுப்பது மறுபடி கட்டும் செலவு. 4,800 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 1,05,60,000. அதற்கு மேல் கட்டிய பிரீமியமெல்லாம் வீண்.

வீணோடு போகவில்லை. பழுது பார்க்க 22 லட்சம். எக்ஸஸ் மொத்தக் காப்பீட்டுத் தொகையின் மேல் என்பதால் 3 கோடிக்கு 1.50 லட்சம் பிடிப்பார்கள், கைக்கு 20.50 லட்சம். சரியான தொகை போட்டிருந்தால் எக்ஸஸ் 52,800, கைக்கு 21.47 லட்சத்துக்கு மேல். அதிகப் பிரீமியம் கட்டி, குறைந்த கிளெய்ம் வாங்குகிறார். இந்தக் கணக்கை ஏஜென்ட் சொல்லிக் கேட்ட கட்டடக்காரர்கள் மிகக் குறைவு.

மறுகட்டுமான அடிப்படையில் எடுத்த பாலிசியில், வேலையை முடித்துப் பில் காட்டினால்தான் முழுத் தொகை. இடிபாடு அகற்றும் செலவுக்கும் பொறியாளர் கட்டணத்துக்கும் பாலிசியில் தனித்தனி சதவீத வரம்பு உண்டு. குறுகலான வீதியில் பகலில் லாரி விட மாட்டார்கள். இரவில் அள்ளும் கூலி அந்த வரம்பை எளிதாகத் தாண்டும்.

ஆறு மாத வாடகை? அதற்கு வாடகை இழப்புக் கவரைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

கண்ணாடி முகப்பு, ஃபால்ஸ் சீலிங், மரத் தடுப்புகள் எல்லாம் கடைக்காரர் தன் செலவில் செய்தவை. கட்டடக்காரர் பாலிசியில் அது இல்லை, ஏனென்றால் அவர் போடவில்லை. கடைக்காரர் பாலிசியிலும் இல்லை, ஏனென்றால் ‘கட்டடத்தோடு ஒட்டியது அவர் பாடு’ என்று நினைத்தார். வாடகை ஒப்பந்தத்தில் யாருடையது என்று ஒரு வரி எழுதி, அந்த ஆள் தன் ஷெட்யூலில் அதைத் தனித் தலைப்பில் காட்டியிருந்தால் போதும்.

தையல் கூடமும் மெஸ்ஸும்

தையல் கூடத்தில் தீ இல்லை. தண்ணீரும் புகையும் மட்டும். தீயணைக்கவும் நிலைமையைக் கட்டுப்படுத்தவும் அரசு அதிகாரிகள் எடுத்த நடவடிக்கையால் வந்த சேதத்தையும் பயங்கரவாதப் பிரிவு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே வெடிகுண்டு நிபுணர்கள் உடைத்த கதவும் சேரும், குழாய்த் தண்ணீரில் கெட்ட மோட்டாரும் சேரும்.

ஆனால் மூன்று மிஷின்களைக் காணோம். கூட்ட நெரிசலில் யாரோ தூக்கிப்போய்விட்டார்கள். பாரத் பாலிசிகளில், காப்பீட்டு நிகழ்வு நடந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குக் கவர் உண்டு. பயங்கரவாதப் பிரிவோ திருட்டு, கொள்ளை, கன்னக்கோல் அனைத்தையும் விலக்குகிறது. இரண்டு வாசகமும் முட்டிக்கொள்ளும் இடம் இது. நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் விலக்கைத்தான் முதலில் காட்டுவார். அதை அப்படியே ஏற்காமல், ஏழு நாள் வாசகத்தை மேற்கோள் காட்டி எழுத்தில் கேட்பது நல்லது. கல்லாவில் இருந்த ரொக்கம் வேறு கதை. அதற்குப் பணக் காப்பீடு தனியாக வேண்டும், அதிலும் பயங்கரவாதம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாசலில் நின்ற ஸ்கூட்டரும் லோடு ஆட்டோவும் மோட்டார் பாலிசியில் வரும். முழு பாலிசியில் சொந்தச் சேதப் பகுதியில் பயங்கரவாதச் செயல் வெளிப்படையாகவே உண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் வண்டிக்கு ஒன்றும் இல்லை.

மெஸ்காரர் பாடுதான் பாவம். ஒரு ஓடு உடையவில்லை. போலீஸ் தடுப்பு ஒன்பது நாள். மாவு புளித்தது, மாஸ்டருக்குச் சம்பளம் ஓடியது. சொத்துச் சேதம் இல்லாமல் லாப இழப்பு கிடையாது. தீ லாப இழப்பு பாலிசியின் அடிப்படையே அது. அக்கம்பக்கச் சேதத்தால் வழி அடைபட்டால் கொடுக்கும் கூடுதல் கவரை எடுத்து, அதில் பயங்கரவாதமும் சேர்ந்திருந்தால் மட்டுமே அவர் கேட்க முடியும். மெஸ் நடத்துபவர் யாரும் அதை எடுப்பதில்லை.

2011 அக்டோபரில் திருமங்கலம் பக்கம் ஆலம்பட்டியில், அத்வானியின் யாத்திரைப் பாதையில் பாலத்துக்கு அடியில் குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. வெடிக்கவில்லை. அதுபோன்ற நாளில் சாலையோரக் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்தாலும் இந்தப் பிரிவில் பதில் ஒன்றுதான்: மிரட்டலுக்கும் புரளிக்கும் பணம் இல்லை. மின்னஞ்சல் மிரட்டலால் லாட்ஜைக் காலி செய்ததும் அப்படியே. கணினியை முடக்கும் தாக்குதலும் விலக்கு. அது சைபர் பாலிசியின் வேலை.

எஃப்.ஐ.ஆர். முதல் வரி

பிரிவின்படி, அரசியல், மத, கொள்கை நோக்கத்தோடு, அரசை வளைக்கவோ மக்களை அச்சுறுத்தவோ நடந்த வன்முறைதான் பயங்கரவாதச் செயல். போராட்டம், கலவரம், தொழிலாளர் தகராறு, விஷமிகள் வேலை எல்லாம் ஆர்.எஸ்.எம்.டி. அபாயம். இரண்டும் பாலிசியில் இருந்தால் பணம் எங்கிருந்தாவது வரும். எக்ஸஸ் மட்டும் மாறும். ஒன்று இல்லாவிட்டால்தான் சண்டை.

எல்லை எவ்வளவு மங்கல் என்பதற்கு மதுரையிலேயே உதாரணம் உண்டு. 2007 மே 9 அன்று, கருத்துக்கணிப்பு ஒன்று வெளியானதைத் தொடர்ந்து தினகரன் அலுவலகம் தாக்கித் தீ வைக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அரசியல் காரணம் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பயங்கரவாதம் என்று வாதிடலாம்; கும்பல் வன்முறை என்று பார்த்தால் கலவரம். இதே மாதிரி ஒரு சம்பவத்தில் இரு சாராரும் வாசகத்தை இழுப்பார்கள், தங்களுக்கு வசதியான பக்கம்.

அந்த இழுப்புக்கு உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு கடிவாளம் போட்டது. ஜார்க்கண்டில் நர்சிங் இஸ்பாட் என்ற இரும்பாலைக்குள் ஆயுதங்களோடு நுழைந்த கும்பல், பணமும் உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் கேட்டு இயந்திரங்களை நொறுக்கியது. காப்பீட்டு நிறுவனம் ‘இது பயங்கரவாதம், விலக்கு’ என்று மறுத்தது. பாலிசியிலேயே விளக்கம் எழுதியிருக்கும்போது வேறு சட்டங்களிலிருந்து விளக்கத்தைக் கடன் வாங்க முடியாது, விலக்குப் பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான் என்றது தீர்ப்பு.

ஆகவே காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது காரணத்தை ஊகித்து எழுதக்கூடாது. நேரம், இடம், கண்ணில் பட்டது, சேதம். அவ்வளவுதான். ‘தீவிரவாதிகள் செய்தது’, ‘தொழில் போட்டிக்காரன் வேலை’ இரண்டுமே வேண்டாம். விசாரணையில் பிரிவுகள் மாறும். 2022 அக்டோபரில் கோவை கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே கார் வெடித்த வழக்கில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் சில நாளுக்குள் சேர்க்கப்பட்டு, வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கு மாறியது. அப்படி மாறினால் பழையது, மாறியது இரண்டின் நகலையும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். வெடிப்புக்கு மறுநாள் ஆத்திரக் கூட்டம் பக்கத்து வீதியில் ஷட்டர்களை உடைத்தால் அது வேறு சம்பவம், வேறு எஃப்.ஐ.ஆர்., வேறு கிளெய்ம்.

முதல் பத்து நாள்

அன்றிரவே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போய்விட வேண்டும்; வாட்ஸாப்பில் ஏஜென்டுக்குச் சொன்னது கணக்கில் வராது. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வைத்த கால அளவுப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அதன்பின் 7 நாளில் முடிவு. வெடித்த இடத்தைத் தடயவியல் துறை பூட்டி வைத்திருக்கும்போது இந்த நாட்கள் ஓடிவிடும். அதனால் ‘இடம் காவல்துறை வசம், திறக்கும் நாளில் சர்வேயர் வர வேண்டும்’ என்று எழுதிவைப்பது அவசியம்.

திறந்ததும் கை பரபரக்கும். கூட்டித் தள்ளக் கூடாது. சரக்கை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நல்லது, நனைந்தது, சாம்பல். நனைந்த பண்டலைக் காயப்போடாமல் விட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். ‘குறைக்க முடிந்த நஷ்டத்தைக் குறைக்கவில்லை’ என்று சர்வேயர் கழிப்பார். ஆகவே படம் எடுத்து, எண்ணி, சர்வேயருக்கு ஒரு வரி எழுதிவிட்டுக் காயப்போடலாம். சாம்பலானதை எண்ண முடியாது. அதை டேலி கணக்கு, கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த சரக்கு அறிக்கை ஆகியவை பேசும். வங்கிக்கு 1.90 கோடி என்று ஊதிக் காட்டியிருந்தால் அந்த எண்ணே குறைக் காப்பீட்டைப் பெரிதாக்கும். டேலி பேக்கப் கடைக் கணினியில் மட்டும் இருந்தால் அதுவும் சாம்பல்.

அரசு நஷ்டஈடு கிடைக்கும் தகுதி இருந்தால், அதற்கு மேற்பட்ட பாகத்தைத்தான் பிரிவு தரும். நிவாரண மனுவை விட்டுவிட்டுப் பாலிசியை மட்டும் நம்புவது சரியல்ல.

மறுத்தால்? ஒரே ஆள் உரிமையாளராக உள்ள கடைக்காரரும் குறுந்தொழில் நிறுவனமும் சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். வரம்பு 50 லட்சம், மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள். மற்றவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்கு, இரண்டு ஆண்டுக்குள். மதுரையில் மாவட்ட ஆணையமும் மாநில ஆணையத்தின் அமர்வும் உண்டு. ‘நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பைக் காட்டலாம். 2002 கோத்ரா சம்பவத்தையடுத்து நடந்த கலவரத்தில் எரிந்த ஷோரூமின் தீ பாலிசி வழக்கு அது. காப்பீடு லாபம் பார்க்க எடுப்பதில்லை, நஷ்டத்தை ஈடுகட்ட எடுப்பது, ஆகவே வணிக நிறுவனமும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது.

அடுத்த புதுப்பிப்பில் நம் கடைக்காரரின் ஷெட்யூல் இப்படி வர வேண்டும்: சரக்கு, தீபாவளி உச்ச மதிப்பில், வரி சேர்த்து 1.70 கோடி. உள் அலங்கார வேலை தனித் தலைப்பில். வில்லாபுரம் முகவரி இரண்டாம் வரியில். வங்கிப் பெயர் சரியான கிளையோடு. கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பயங்கரவாதப் பிரிவு அச்சாகியிருக்கிறதா, அதில் எக்ஸஸ் எத்தனை சதவீதம் என்று பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.